முப்பது வெள்ளிக்கு ஆறு கதை: ஃபெரியில் வேலை பார்த்தவர் பிள்ளைகளுக்கு எழுதியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு பிள்ளைக் கதைப் புத்தகத்தில் நான்கு அருமை, ஒன்று சுமார், இன்னொன்றோடு எனக்குச் சண்டை இருக்கிறது. செட் 30 வெள்ளி (ரிங்கிட்), தனியாக எடுத்தால் ஒன்று 6 வெள்ளி. பினாங்கு ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம், பூமாலையும் பூஜைச் சாமானும் விற்கிற ஒரு கடையின் கல்லா ஓரத்தில் ஊதுபத்திக் கட்டுகளோடு ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் புத்தகமெல்லாம் சாம்பிராணி வாசம். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் திறக்கிறார்கள்.

எழுதியவர், பினாங்குத் தீவுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் இடையே ஓடும் ஃபெரியில், இயந்திர அறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டிவிட்டார். பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, "எம்பேரு எதுக்கு டீச்சர், பூனையப் பத்தி எழுதுங்க" என்றார். எந்தப் பூனை என்பது கீழே வரும்.

நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியை. நிலாம் என்கிற பள்ளி வாசிப்புத் திட்டத்தின் பதிவுக்காகப் பிள்ளைகள் எப்படிப் புத்தகம் எடுப்பார்கள் என்பது நூலக ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். தலைப்பைப் பார்க்க மாட்டார்கள், தடிமனைப் பார்ப்பார்கள். எது ஒல்லியோ அது கைக்குப் போகும். இந்த ஆறும் ஒல்லி. ஒவ்வொன்றும் 24 பக்கம், ஏ5 அளவு, நடுவில் இரண்டு ஸ்டேப்பிள். ஆகவே முதல் வாரம் இவை அலமாரியில் நிற்காமல் ஓடியதில் எழுத்தாளர் பெருமைப்பட ஒன்றுமில்லை. அடுத்த வாரம், படித்து முடித்த பிள்ளைகளே திரும்பி வந்து அதே பூனைப் புத்தகத்தைக் கேட்டார்கள். அப்போதுதான் நானும் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-ல் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து கணக்குப் போட்டால், இந்த நாட்டில் தமிழ்க் கல்விக்கு 200 வயது தாண்டிவிட்டது. ஆனால் எங்கள் அலமாரியில் உள்ள பிள்ளைக் கதைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து பெட்டியில் வந்தவை. நல்ல புத்தகங்கள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் கதையில் வருகிற பையன் ரூபாய் கொடுத்துக் கமர்கட்டு வாங்குகிறான். கதையில் மாட்டுவண்டி நிற்கிறது, எங்கள் பள்ளி வாசலில் மைவி கார் நிற்கிறது. தன் ஊர் ஃபெரியும் தன் ஊர்த் தண்ணீர்மலை முருகன் கோயிலும் தமிழில், அதுவும் கதையில், வரும் என்பதே எங்கள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புதிய செய்தி.

ஓய்வு பெற்ற ஒரு நல்ல மனிதர், எப்போதும் நம்பிக்கையாகப் பேசுகிறவர், பிள்ளைகளுக்காக எழுதுகிறார் என்று சொன்னால் எனக்கு உடனே கொட்டாவி வரும். காரணம் இருக்கிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-ல் ரத்துசெய்யும் வரைக்கும் ஆண்டுதோறும் பள்ளிகளில் தன்முனைப்பு முகாம் நடக்கும். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு "என்னால் முடியும்" என்று பிள்ளைகளைத் தொண்டை கிழியக் கத்தவைப்பார். கடைசியில் விளக்கை அணைத்து, அம்மாவை நினைத்துப் பார் என்று சொல்லி அழவைப்பார். மறுநாள் காலையில் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாமலேதான் இருக்கும்.

இவருடைய நம்பிக்கை அந்த ரகம் இல்லை. ஆறு புத்தகத்திலும் யாரும் யாரிடமும் "உன்னால் முடியும்" என்று சொல்வதில்லை. ஏதோ ஒன்று பழுதாகிறது, தொலைகிறது, தாமதமாகிறது. உடனே ஒரு ஆள் "சரி, இப்ப கையில என்ன இருக்கு?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வி எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. சில சமயம் கேட்பது ஒரு பாட்டி, சில சமயம் ஒரு வால் அறுந்த காற்றாடியைப் பிடித்திருக்கும் பையன். நடுக்கடலில் எஞ்சின் இருமினால் கீழே இருக்கிறவர் வேறு எதைக் கேட்க முடியும்? நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் அவருக்கு அதுதான் தொழில்.

பள்ளிக்கு ஒருநாள் கூப்பிட்டோம். மோட்டார் சைக்கிளில் வந்தார், புத்தகங்களை பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டியிருந்தார். சிற்றுண்டிச் சாலையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டே சொன்னார்: "எல்.சி.இ. ஃபெயிலு டீச்சர். பாஸாயிருந்தா எங்கியாச்சும் ஆபீஸ்ல உக்காந்திருப்பேன். கடலு கெடைச்சிருக்குமா?" (எல்.சி.இ. என்பது அந்தக் காலத்து மூன்றாம் படிவத் தேர்வு.) 1985-ல் பினாங்குப் பாலம் திறந்தபோது ஃபெரிக்கு இனி ஆளே வராது என்று கூட வேலை பார்த்தவர்கள் புலம்பினார்களாம். இவர் மட்டும், "பாலத்துல மழை பேஞ்சா மோட்டார்காரன் எங்க போவான்?" என்று சொன்னாராம். வண்டி ஏற்றிய பழைய ஃபெரி அதற்குப் பிறகும் 35 ஆண்டு ஓடியது. இப்படிப் பேசுகிற ஆளோடு ஒரு மணி நேரம் இருக்கலாம், ஒரு நாள் முழுக்க இருந்தால் எனக்குத் தலை வலிக்கும். எழுத்தில் வரும்போது அது அளவாக இருக்கிறது. ஏனென்றால் எழுத்தில் அவர் வாயைவிடக் கையை அதிகம் காட்டுகிறார்.

இப்போது பூனை. பட்டர்வொர்த் படகுத்துறையில் பிறந்த சாம்பல் பூனைக்குத் தீவுக்குப் போய் மீன் கடை பார்க்க வேண்டும் என்று ஆசை. ஃபெரியில் ஏறி முன்பக்கமாகப் பார்த்துப் படுக்கும். படுத்ததும் தூங்கிவிடும். கண் விழித்தால் பின்பக்கம் இருக்கும், எதிரே பழைய பட்டர்வொர்த் கரையே நிற்கும். பழைய ஃபெரிகளைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி. திரும்பாமலே போகும், திரும்பாமலே வரும். வண்டிகள் ஒரு முனையில் ஏறி மறு முனையில் இறங்கும். பூனைக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பூனை ஒருமுறைகூடச் சோர்ந்துபோவதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடிக்கிறது. முதலில் கடல் சுற்றுகிறது என்கிறது. பிறகு தீவு பயந்து நகர்கிறது என்கிறது. அப்புறம், "நான் தூங்கும்போது என் வால் தலையாகிவிடுகிறது" என்கிறது. கடைசியில் டிக்கெட் தாத்தா வந்து காசு கேட்கிறார். பழைய ஃபெரியில் பட்டர்வொர்த்திலிருந்து போகத்தான் கட்டணம், தீவிலிருந்து திரும்பக் காசு கிடையாது. பூனை யோசித்துவிட்டுச் சொல்கிறது: "தாத்தா, நான் போனதை நானே பார்த்ததில்லை. வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். வருவதற்குக் காசு இல்லைதானே?" டிக்கெட் தாத்தா தலையைச் சொறிகிறார். இந்தப் பக்கத்தை ஒரு பையன் வகுப்பில் வாசித்தான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், வரிக்கு மூன்று இடத்தில் நிற்பான். "வருவதற்கு" என்ற இடத்தில் நின்று, விரலை வைத்து, அடுத்த சொல்லை மனத்துக்குள் முடித்துவிட்டு, வாயால் சொல்லும் முன்பே சிரித்துவிட்டான். வாசிப்புக் கற்றுத்தருகிறவர்களுக்கு இது என்ன என்று தெரியும். கண் வாயை முந்திவிட்டது.

இரண்டாவது புத்தகம் இயந்திர அறை பற்றியது. எனக்கு ஆறிலும் பிடித்தது என்று கேட்டால் இதுவா ஐந்தாவதா என்று திண்டாடுவேன். இயந்திர அறையில் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, ஆட்கள் கையால்தான் பேசிக்கொள்வார்கள். முஷ்டியைக் காதருகே ஆட்டினால் ஒன்று, இரண்டு விரலால் வயிற்றைத் தட்டினால் ஒன்று. அங்கே ஒருநாள் காது கேளாத ஒரு பையன் வருகிறான். தஞ்சோங் பூங்காவில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 1954-லிருந்து இருக்கிறது, பையன் அந்தப் பள்ளி மாணவன். மேல்தட்டில் யார் பேசினாலும் அவனுக்குப் புரியவில்லை, கீழே இறங்கியதும் எல்லாரும் அவன் மொழிக்குப் பக்கத்து மொழியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சாதாரணமாக இப்படி ஒரு கதையை எடுத்தால் பிள்ளைமேல் இரக்கம் காட்டி, கடைசியில் கைதட்டி முடிப்பார்கள். இவர் செய்திருப்பது வேறு. பையன் இறங்கி வந்த கொஞ்ச நேரத்தில் ஆட்களின் கைச்சாடையில் தப்புக் கண்டுபிடிக்கிறான். "எண்ணெய்" என்பதற்கும் "வெந்நீர்" என்பதற்கும் இவர்கள் ஒரே சாடை வைத்திருக்கிறார்கள், அதனால்தான் போன வாரம் ஒருவர் தே ஓ கேட்டதற்கு எண்ணெய் டப்பா வந்தது. பையன் அதைத் திருத்துகிறான். தலைமை ஃபிட்டர் தன் அழுக்குத் துணியால் கையைத் துடைத்துவிட்டு, புதுச் சாடையைப் பழகிப் பார்க்கிறார், வரவில்லை, மறுபடி பழகுகிறார். அந்தப் பக்கத்துப் படம் எழுத்தாளரின் பேத்தி வரைந்தது, இடைநிலைப் பள்ளியில் படிக்கிற பெண். கை வரைவது கஷ்டம் என்பார்கள், இந்தப் பெண் கைகளை மட்டும் நன்றாக வரைகிறாள். முகங்கள் எல்லாம் ஒரே முகம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது தைப்பூசம். தேர் வருகிறது, காவடி வருகிறது என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். கதை தொடங்குவது மறுநாள் காலையில். தேர் போன வழியெல்லாம் பக்தர்கள் உடைத்த சிதறுதேங்காய் குவிந்து கிடக்கிறது, ரோடெல்லாம் இளநீர் வழுக்குகிறது. ஒரு அக்காவும் தம்பியும் துடைப்பமும் கையுமாக நிற்கிறார்கள். எந்த ஓட்டைப் பொறுக்குவது, எதை வாருவது, சாக்கை யார் பிடிப்பது, மாட்டுக்கு எவ்வளவு, உலர்த்த எவ்வளவு என்று முழுக்க வேலைக் கணக்குதான். திருவிழாவைத் துடைப்பத்தின் பக்கமிருந்து பார்க்கிற பிள்ளைக் கதையை நான் இதற்கு முன் படித்ததில்லை.

ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1988 ஜூலை 31 அன்று பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து விழுந்தது. புக்கிட் மெர்த்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா, சீனர்களின் குவான் யின் விழா என்று அன்றைக்குக் கூட்டம் அதிகம். 32 பேர் இறந்தார்கள், 1,600-க்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். பினாங்கில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அன்று எங்கே இருந்தோம் என்று சொல்வார்கள். எழுத்தாளர் அப்போது வேலையில் இருந்தவர். புத்தகத்தில் அந்த ஆண்டும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. படகுத்துறையில் ஒரு விபத்து நடந்தது, அதற்குப் பிறகு ஒரு சின்னப் பெண் மேடையில் கால் வைக்க மறுக்கிறாள், அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார்.

பாட்டி கெஞ்சுகிறாள். கூட்டத்தில் யாரோ அதட்டுகிறார்கள். கதவருகே நிற்கிற தொழிலாளி மட்டும், "பயமா இருக்கா? சரி. எதுவரைக்கும் பயம் இல்ல, அங்க நில்லு" என்கிறார். அவள் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் நிற்கிறாள். "இன்னிக்கு இது போதும். நாளைக்கும் ஃபெரி ஓடும்." மறுநாள் தூண் வரைக்கும். இன்னொரு நாள் பின்னால் போய்விடுகிறாள், அதையும் அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு நாளும் அவள் நின்ற இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுகிறார். கோடுகள் வரிசையாக இல்லை, முன்னும் பின்னுமாக இருக்கின்றன. படத்திலும் அப்படியே வரைந்திருக்கிறார்கள். அவள் ஏறுகிற நாள் வருகிறது, ஆனால் அந்தப் பக்கத்தில் கைதட்டல் இல்லை. தொழிலாளிக்கு அன்று விடுமுறை. பாட்டியும் அவளும் ஏறிப் போய்விடுகிறார்கள்.

இதைப் படித்த பிறகுதான் அவருடைய "சரி" என்ற சொல்லை நான் நம்ப ஆரம்பித்தேன். மோசமானதைப் பார்க்காத ஆள் சொல்கிற சரி இல்லை அது. பயத்தை முதலில் ஒத்துக்கொண்டு, அதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டு, மறுநாள் அந்தக் கோட்டை நகர்த்துகிறார். தன்முனைப்பு முகாம்காரர்கள் இந்த ஒரு புத்தகத்தையாவது வாங்கிப் படிக்கலாம்.

சண்டைக்கு வருவோம். நான்காவது புத்தகத்தில் பாட்டி இறந்துபோகிறாள். இறந்த மூன்றாவது பக்கத்திலேயே பேரன் பாட்டியின் அம்மிக்கல்லைக் கழுவித் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறான். எல்லாரும் பசியாறுகிறார்கள், பாட்டியின் ருசி அப்படியே இருக்கிறது என்று மகிழ்கிறார்கள். அம்மி அரைப்பதை அழகாக எழுதியிருக்கிறார், தண்ணீர் தெளிக்கிற இடம்கூடச் சரியாக இருக்கிறது. ஆனால் அங்கே யாருமே அழவில்லை. எங்கள் நூலகத்தில் ஒரு பெண்பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு, "டீச்சர், அவனுக்குப் பாட்டிய பிடிக்காதா?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் வீட்டில் போன ஆண்டுதான் ஒரு சாவு நடந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது? கையில் என்ன இருக்கு என்று எல்லா இடத்திலும் கேட்க முடியாது. சில நாள் கையில் ஒன்றும் இருக்காது.

அந்தக் கேள்வியை அப்படியே எழுத்தாளரிடம் சொன்னேன். பேச்சு ஓயாத மனிதர் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கம்மா போனப்ப நானும் அழல டீச்சர். காரியம் முடிஞ்ச மறுநாளு ஷிப்டுக்குப் போயிட்டேன். எல்லாரும் என்னை தைரியசாலின்னாங்க" என்றார். எனக்கு அவரிடம் கோபம் போய்விட்டது, புத்தகத்திடம் போகவில்லை. வாழ்நாள் முழுக்க ஒரே பக்கம் பார்த்து நடந்தவருக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தெரியும், மறுபக்கம் எழுத வராது. பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டாம் பதிப்பில் ஒரு பக்கம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். என்ன சேர்ப்பார் என்று தெரியாது, சேர்த்தால் வாங்கிப் பார்ப்பேன்.

ஆறாவது, வண்டி ஏற்றும் பழைய ஃபெரிகள் கடைசியாக ஓடிய 2020 டிசம்பர் 31 பற்றியது. புலாவ் ரிமாவ், புலாவ் அங்சா என்று ஃபெரிகளின் பெயரெல்லாம் வரிசையாக வருகின்றன, 2023 ஆகஸ்டில் வந்த புது ஃபெரிகளையும் குறை சொல்லாமல் வரவேற்கிறார். கதை என்று ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். என் கணவர் பாகான், அதாவது பட்டர்வொர்த், பக்கத்துக்காரர், அவர் இதை மட்டும்தான் படித்தார், அதுவும் இரண்டு தடவை.

அச்சு வேலை பற்றி. எழுத்து சின்னது, முதலாம் ஆண்டு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கண் வலிக்கும். ர, ற மயக்கம் ஆங்காங்கே இருக்கிறது, அடுத்த பதிப்புக்கு முன் யாராவது ஒரு தமிழாசிரியர் திருத்திக் கொடுக்கலாம், நானே தயார் என்று சொல்லியிருக்கிறேன். மேலே சொன்ன ஒரே முகப் பிரச்சினையால், மூன்றாவது புத்தகத்தில் அக்கா யார் அம்மா யார் என்று புடவையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பையன்கள்தாம் எஞ்சினைத் தொடுகிறார்கள், பெண்பிள்ளைகள் துடைப்பத்தைத் தொடுகிறார்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "அடுத்த கதையில மாத்திடுவோம்" என்றார், அதே வேகத்தில். ஸ்டேப்பிள் முனை உள்பக்கம் சரியாக மடங்காத பிரதிகள் சில உண்டு, பிள்ளை கையில் கொடுக்கும் முன் கரண்டி முதுகால் அழுத்திவிடுங்கள்.

முறையாகத்தான் செய்திருக்கிறார். கோலாலம்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து ஐ.எஸ்.பி.என். எண் வாங்கியிருக்கிறார். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் ஒவ்வொரு நூலிலும் ஐந்து பிரதி அங்கே ஒப்படைக்க வேண்டும், அதையும் அனுப்பிவிட்டார். முப்பது புத்தகம் காசில்லாமல் போய்விட்டதே என்று அவர் மனைவி சொன்னாராம். "கே.எல்.ல அஞ்சு பேரு பூனைக் கதை படிப்பாங்கல்ல" என்றாராம் இவர்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் பூனையை வாங்குங்கள். பிள்ளைக்கு எட்டு வயதுக்கு மேல் என்றால் இரண்டாவதும் ஐந்தாவதும். ஐந்தாவதைத் தனியாகப் படிக்கக் கொடுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள், கேள்வி வரும். நான்காவதை, வீட்டில் அண்மையில் துக்கம் நடந்திருந்தால், இப்போதைக்கு எடுக்க வேண்டாம். பள்ளிகளுக்கு மொத்தமாக வேண்டுமென்றால் கடைக்காரரிடம் முன்னமே சொல்லிவைக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு பிஸ்கட் டின் கொள்கிற அளவுதான் கொண்டுவந்து வைக்கிறார்.